குறையை முதலில் சொல்கிறவள்

அக்காவுக்கு விற்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அவளுக்கு நன்றாகவே விற்கத் தெரியும். வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியாது.

பதுளைக் கடைவீதியில் ஒரு லெப்டொப் கடை. சில வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் அங்கே வேலை செய்தோம். நான் காசு வாங்கி பில் போடும் மேசையில் இருந்தேன், அவள் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்றாள். கை நீட்டினால் தொடலாம், அவ்வளவுதான் எங்களுக்கு இடையில் தூரம். அதனால் அவள் வாடிக்கையாளரிடம் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழும். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். பிறகு பண்டாரவளையில் ஒரு போன் கடையில் இருந்தாள் என்று கேள்விப்பட்டேன், அதற்கும் பிறகு வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள். எது உண்மையோ தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் கடையில் நின்ற அக்காவைத்தான்.

அவளுடைய வழக்கம் இதுதான். ஒருவர் வந்து அலுமாரியைக் காட்டி "அந்த மெஷினை எடுங்க" என்றால், அக்கா முதலில் கைக்குட்டையில் விரல்களைத் துடைப்பாள். பிறகு மெஷினை இரண்டு கையாலும் எடுத்து மெத்தென்ற துணி மேல் வைப்பாள். வைத்ததும் முதல் வார்த்தை, "இதுல ஒரு குறை இருக்குங்க" என்பாள்.

அட, வந்த மனுஷன் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை! குறையைச் சொல்லி முடித்த பிறகு விலை. அதற்கும் பிறகு, ஆள் இன்னும் கடையில் நின்றுகொண்டிருந்தால், அது எதற்கு நல்லது என்று சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அக்கா, குறையக் கடைசில சொல்லேன், இல்ல சொல்லாமத்தான் இரேன்" என்று எத்தனை நாள் கெஞ்சியிருப்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது விடாமல் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவள் லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்தவள். கடையில் அது வேறு யாருக்கும் தெரியாது.

"கொழுந்து நிறுக்கிறப்ப எங்கம்மா பக்கத்துல நான் நிப்பேன். தண்ணிக்குன்னு கழிப்பாங்க, சாக்குக்குன்னு கழிப்பாங்க. எல்லாம் கழிச்சுட்டு மீதிய மட்டும் சொல்லுவாங்க. கழிக்கிறத மொதல்லயே சொல்லிட்டா எதுக்குங்க சண்ட? அதான், நான் கழிக்க வேண்டியத முன்னாடியே சொல்லிருறேன்."

நான் பருப்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.

டொலர் விலை ஏறிக்கிடந்த நேரத்தில் முதலாளி கொழும்பிலிருந்து இரண்டு மெஷின்கள் கொண்டுவந்தார். வெள்ளி நிறம். மூடினால் பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி அளவுதான் தடிமன். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே தெரியாது. திறந்தால் ஸ்க்ரீன் கண்ணைப் பறிக்கும். சத்தமே வராது, ஏனென்றால் உள்ளே ஃபேன் கிடையாது. விலையைக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போவார்கள். பதுளையில் இது போகுமா என்று நான் கேட்டதற்கு, "அழகுக்குக் காசு குடுக்கிற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க" என்றார் முதலாளி.

ஒன்றை அக்காதான் விற்றாள். பண்டாரவளையிலிருந்து ஒரு டியூஷன் மாஸ்டர் வந்தார். தினமும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ப் படிப்பிக்கிறவர், பை தூக்கித் தூக்கித் தோள் ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

"சார், இதுல குறை இருக்கு. வயர் சொருகுறதுக்கு ரெண்டே ரெண்டு ஓட்டைதான். உங்க பழைய பென் டிரைவ் இதுல போகாது, அதுக்குத் தனியா ஒன்னு வாங்கணும். ஆனா நீங்க செய்யிற வேலைக்கு இது தாராளமாப் போதும். உங்க தோளுக்கு இதவிட நல்லது இந்தக் கடையில இல்ல."

அவர் வாங்கிக்கொண்டு போனார். அதனால்தான் சொல்கிறேன், அவளுக்கு விற்கத் தெரியும்.

மற்றதை வாங்க வெலிமடையிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி வந்தார். கழுத்தில் தடித்த சங்கிலி, சட்டைப் பையில் இரண்டு போன். கணக்குப் பார்க்க ஒரு மெஷின் வேண்டும், இருக்கிறதிலேயே விலை கூடியதைக் கொடுங்கள் என்றார். நான் மேசைக்குக் கீழே கையைக் கூப்பிக்கொண்டேன்.

"மொதலாளி, இத எங்க வச்சுப் பாவிப்பீங்க?" என்று அந்த வியாபாரியைக் கேட்டாள் அக்கா.

"லொறியிலதான். நான் வேற எங்க இருக்கேன்?"

"அப்ப ஒரு குறை இருக்கு. இத சீட்டுல வச்சுட்டு மறந்து மேல ஒக்காந்தீங்கன்னா, அதோட சரி."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கிறதிலேயே விலை குறைந்த தடித்த மெஷினை வாங்கிக்கொண்டு போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பில் போட்டேன்.

மாடியில் கெமராவில் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அன்றைக்கே இறங்கி வந்தார். அவரையும் நான் முழுக்கத் திட்டமாட்டேன். கடை வாடகை, சம்பளம் எல்லாம் அந்த மாதிரி ஒரு மெஷினில்தான் தங்கி இருந்தது.

"இந்த மாசம் முடியிறதுக்குள்ள அந்த வெள்ளி மெஷின் கடைய விட்டுப் போகணும். இல்லாட்டி நீ போகணும்" என்றார்.

அன்று முழுக்க அக்கா விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய சம்பளத்தை நம்பித்தான் அவள் அம்மா தோட்ட வேலையை விட்டிருந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போய்விட்டது. இந்த வேலை போனால் அந்தக் காலோடு திரும்பவும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போக வேண்டியதுதான். தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகளோடு உள்ளே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனார், மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வேண்டாம் என்றாள். தோட்டத்து ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அலுமாரியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராக விரலை நீட்டினார்.

"அந்த வெள்ளி நெறத்துல மெல்லிசா இருக்கே, அத எடுங்க தங்கச்சி. எங்க தோட்டத்துல இருந்து மொதமொதல்ல கெம்பஸ் போற புள்ள இது. லயத்துக்கு லயம் சனம் சேத்துக் குடுத்த காசு."

மாதாவே, காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்தேன். பில் போட விரலையே வைத்துவிட்டேன். அக்கா செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறக்காமல் அந்தப் பெட்டியை எடுத்து நீட்டுவதுதான்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். "என்னம்மா படிக்கப் போற?"

"கட்டட வடிவமைப்பு, மிஸ்."

நான் இருமினேன். மேசையைத் தட்டினேன். ஊஹூம்.

"ஐயா, இதுல ஒரு குறை இருக்குங்க" என்று அக்கா ஆரம்பித்தாள். "இதுக்கு ஃபேன் இல்ல. டைப் அடிக்க, படம் பாக்க நல்லது. ஆனா புள்ள கட்டடம் வரைஞ்சு அதச் சுத்திச் சுத்திப் பாக்கணும். அந்த வேலைக்கு இது சூடாகி இழுக்க ஆரம்பிச்சுரும். பின்னாடி ரேம் கூட்டவும் முடியாது, உள்ளயே ஒட்டி வச்சிருக்காங்க. அந்தா கறுப்பா தடிச்சதா இருக்கு பாருங்க, அது பாரம், அழகும் இல்ல. ஆனா படம் வரையிறதுக்குன்னே தனிக் கார்ட் இருக்கு. படிச்சு முடியிற வரைக்கும் தாங்கும். வெலயும் நல்லாக் கொறைவு."

அவர் முகம் மாறியது.

"நான் வெலயக் கேக்கலியே" என்று காசுப் பார்சலை எடுத்து மேசையில் வைத்தார். "எங்களப் பாத்தா இத வாங்குற ஆளாத் தெரியலியா?"

"ஐயோ, அதுக்குச் சொல்லலீங்க..."

"பின்ன எதுக்குச் சொன்ன? வர்ற ஞாயித்துக்கெழம இத அம்மன் கோயில்ல வச்சுக் கும்புடப் போறோம். காசு குடுத்த சனம் அம்புட்டும் பாக்க வரும். அவங்க முன்னாடி இந்தப் பலகையத் தூக்கி வைக்கச் சொல்றியா? எங்க காசு எங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ரேமும் ஃபேனும் கோயிலில் யார் கண்ணுக்குத் தெரியும்? சத்தம் கேட்டு முதலாளி படியில் பாதி இறங்கி நின்றார். கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் லயத்துப் புள்ளதாங்க" என்றாள் அக்கா. அத்தனை பேர் முன்னால் சத்தமாகவே சொன்னாள்.

அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எந்தத் தோட்டம்?"

"லுணுகலப் பக்கம்."

"ஓ, அப்புடியா சங்கதி? நீ கடையில நிக்கிற, எம் புள்ள கெம்பஸ் போகுது. அதான் ஒனக்குப் பொறுக்கல."

அக்காவின் காது மடல் சிவந்துபோனது. முதலாளி ஓடிவந்து கதிரையை இழுத்துப் போட்டார். "உக்காருங்க ஐயா, உக்காருங்க. பிழையா எடுத்துக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வெள்ளி மெஷினுக்குப் பில்லப் போடு" என்றார்.

"போடு" என்று அக்காவும் சொன்னாள். "அவங்க காசு, அவங்க விருப்பம். ஆனா ஒரே ஒரு தரம் புள்ளையக் கேட்டுருங்க ஐயா. பாவிக்கப் போறது அதுதானே."

முதலாளியின் பார்வையிலேயே அக்கா வெந்துபோயிருக்க வேண்டும். அந்த அப்பா மகள் பக்கம் திரும்பினார். "சொல்லு."

பிள்ளை தரையைப் பார்த்தாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க எத வாங்கிக் குடுத்தாலும் எனக்குப் போதும்ப்பா."

முதலாளி சிரித்தார். நானும் அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தபடியே நின்றார்.

"சப்பாத்து வாங்கப் போனப்பவும் இதத்தான் சொன்ன. காலு புண்ணாகி நொண்டுனப்பதான் பத்தாத சப்பாத்துன்னு தெரிஞ்சிச்சு" என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "அந்தத் தடிச்சத எடு" என்றார்.

தோட்டத்து விலாசத்தைக் கேட்டு எழுதிப் பில் போட்டேன், மீதிக் காசைக் கொடுத்தேன். வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று கோபமாகவே கேட்டார். "சனம் கேட்டா நான் என்னா சொல்றது? நீயே வந்து சொல்லு."

"வர்றேங்க" என்றாள் அக்கா.

அவர் அதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் முதலாளி கையை நீட்டி அலுமாரிச் சாவியைக் கேட்டார். "நீ நல்லவதான். ஆனா என் கடைக்கு நீ வேணாம்." நான் எழுந்து, "சார், இன்னும் ஒரு மாசம் குடுத்துப் பாருங்க சார்" என்றேன். "நீயும் கூடவே போறியா?" என்றார். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, சாவியைத் துணியில் துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் நிஜமாகவே கிளம்பினாள். தனியாக விட மனமில்லாமல் நானும் பஸ்ஸில் ஏறினேன், வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

"வேலையும் போச்சு, ஏச்சும் வாங்கியாச்சு. இப்ப என்ன மண்ணாங்கட்டிக்கு அங்க போறோம்?"

"வர்றேன்னு சொல்லிட்டேன்ல."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நாளையில இருந்து திரும்ப மலைக்குப் போகுதாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "இந்தா பாரு, வேல போன கதைய அங்க யாருகிட்டயும் சொல்லாத. அந்த மனுஷன் மனசு கஷ்டப்படும்" என்றாள்.

கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் சனம் நிறைந்திருந்தது. அம்மன் முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் அந்தக் கறுப்பு மெஷின், அதற்கு மேல் ஒரு செவ்வந்தி மாலை. பக்கத்தில் அந்தப் பிள்ளை பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் அவள் அப்பா திகைத்துப்போனார். எங்களுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டபடியே இருந்தது. "இம்புட்டுக் காசுக்கு இதுதானா?" "எங்க மச்சான் ஊட்டுப் பழசு கூட இதவிட மெல்லிசா இருக்கு." அவர் காதிலும் விழுந்திருக்கும். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மெஷினின் மூடியில் ஒரு பொட்டு வைத்தார், குங்குமம் இட்டார். அதுவரைக்கும் சரி. பிறகு அதைத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். அங்கே வரிசையாகச் சின்னச் சின்ன இடுக்குகள். மூன்று விரலால் குழைத்த சந்தனத்தை அள்ளி, அங்கே பட்டையாக இழுக்கக் கையைக் கொண்டுபோனார்.

அக்கா பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஐயா, அங்க வேணாம்! அது காத்துப் போற ஓட்ட!"

உடுக்குச் சத்தம் நின்றது. அம்மன் முன்னால், அத்தனை சனம் பார்த்திருக்க, ஒரு பொம்பிளை பூசாரி கையைப் பிடித்துவிட்டாள்.

"யாரு இவ?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"அந்தக் கடக்காரியாத்தான் இருக்கும். நாம நல்லதா ஒன்னு வாங்கப் போனா, இவதான் இதத் தலையில கட்டிவிட்டவ."

"சும்மாவா கட்டுவா? என்னா கமிசனோ!"

அந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பூசாரியின் கையை விட்டுவிட்டுச் சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். விரல்களைச் சேலை முந்தானையில் துடைத்தாள். பாவி, இங்கேயாவது நல்லதை முதலில் சொல்லித் தொலை என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"இதுல குறை இருக்குங்க" என்றாள். "பாரம். பெட்டரி ரொம்ப நேரம் நிக்காது. பாக்கவும் அழகா இல்ல. ஆனா..."

"பாத்தீங்களா, அவ வாயாலயே சொல்றா!" என்று ஒரு ஆள் கத்தினான். அந்த 'ஆனா'வுக்கு மேல் அவளை யாரும் பேசவிடவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். அக்காவைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"கமிசனா? இத வித்ததுக்கு அவளுக்கு வேலையே போச்சு! அந்த வெள்ளி மெஷின வித்திருந்தா இன்னைக்கும் கடையில நின்னிருப்பா. நாளைக்கு அவங்கம்மா வீங்குன காலோட திரும்பக் கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போகப் போறாங்க. கமிசனாம், கமிசன்!"

கூட்டத்தில் பாதிக்கு மேல் கொழுந்து எடுக்கிற பெண்கள். அவர்கள்தான் முதலில் வாயை மூடினார்கள். பிறகு கத்தின ஆளும் மூடினான்.

அந்த அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவின் முன்னால் வந்து நின்றார்.

"வேல போச்சா?"

அக்கா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "ஆமாங்க."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கேதாங்க."

"போகும்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்க."

"நான் அம்புட்டுக் கேவலமாப் பேசின பெறகுமா..."

"புள்ள படிக்கணுமேங்க" என்றாள் அக்கா.

தூரப் பயணம் போகிற பிள்ளை பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கித்தான் புறப்பட வேண்டும். அதற்காகத் தோட்டத் தலைவரையும் கணக்குப்பிள்ளையையும் கோயில் முன்னால் கதிரை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளையின் அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அக்காவுக்கு முன்னால் நிறுத்தினார்.

"மொதல்ல இந்தக் கால்ல விழு."

"ஐயையோ, என்னங்க இது! வேணாங்க, நான் சின்னவ" என்று அக்கா பின்னால் போனாள். கொட்டகைத் தூண் முதுகில் முட்டியது. அதற்குள் பிள்ளை குனிந்து நெற்றியை அவள் பாதத்தில் வைத்துவிட்டாள்.

அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கையும் கண்ணையும் சேர்த்து முந்தானையில் துடைத்தாள். பிள்ளை எழும்பாமல் அப்படியே கிடந்தாள். சனமெல்லாம் ஆசிக்காக அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையைப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மெத்த மேல வச்சு வேல செய்யாதம்மா. அடியில காத்து போகாது, சூடாகிரும்."